ஏணி எடுக்கும் சனிக்கிழமை

*இடவப்பாதிக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே வீட்டைச் சீர்செய்யும் நாஞ்சில் நாட்டின் வாரக்கடைசி*

புரட்டாசி பிறந்து முதல் சனிக்கிழமை. தாடகை மலைமேல் மஞ்சு இன்னும் விலகவில்லை. பூதப்பாண்டிப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஓட்டு வீட்டின் சாய்ப்பில் மூங்கில் ஏணி சாத்தியிருக்கிறது. கைலியை மடித்துக் கட்டிய வீட்டுக்காரர் கூரைமேல் குந்தியிருக்கிறார். ராத்திரி ரயிலில் வந்திறங்கிய மகன் ஏணியின் நடுப்படியில் நின்று ஓடுகளை ஒவ்வொன்றாக மேலே கொடுக்கிறான். வீட்டுக்குள்ளே ஆச்சி. போன மழைக்குச் சருவத்தையும் வாளியையும் எங்கெங்கே வைத்தோம் என்பது அவளுக்குத்தான் தெரியும். வாரியல் கம்பை நிமிர்த்திப் பிடித்து, ஒழுகிய இடத்துக்கு நேர்மேலே இருக்கும் ஓட்டைத் தட்டுகிறாள். தட்டின சத்தம் கேட்ட இடத்தில் மேலே கை நிற்கிறது. அந்த ஓடு வெளியே வருகிறது. நடுவில் முடி அகலத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான்.

பறக்கையிலோ திட்டுவிளையிலோ தெரிசனங்கோப்பிலோ இந்த மாதத்தின் எந்தச் சனிக்கிழமை நடந்தாலும் இதே காட்சி ஏதாவது ஒரு வீட்டில் கண்ணில் படும். ஏணி எடுக்கும் வீடுகள் குறைந்து வருகின்றன என்பதும் அந்த நடையிலேயே தெரிந்துவிடும். பூட்டிய வீடு, பாதிக் கூரை சரிந்த வீடு, இடித்துச் சுத்தமாக்கிய மனை என்று வரிசையாக வரும். சீர்செய்யப்படும் வீட்டுக்கும் இடிக்கப்படும் வீட்டுக்கும் நடுவே இருப்பது, பல சமயங்களில், யாரும் ஏணி எடுக்காமல் போன சில சனிக்கிழமைகள்தான்.

இரண்டு மழை, இரண்டு தவணை

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் ஒன்று. குமரி மாவட்டத்துக்கு இரண்டு. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஏறிவரும். அது சாரலாக இழுத்து இழுத்து ஆவணி வரை போகும். மூச்சுவிட ஒரு மாதம். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, இடியோடு. வயலும் இதே தாளத்தில்தான் நடக்கிறது. கன்னிப்பூ போகம் அறுத்து, கும்பப்பூ போகத்துக்கு உழுது நடும் இடைவெளி இது. வீட்டுக்கும் இதுவே இடைவெளி. சித்திரையில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை கூரையைப் பார்த்துவிட வேண்டும் என்பது பெரியவர்கள் வைத்திருந்த கணக்கு.

அந்தக் கணக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை அண்மை ஆண்டுகள் காட்டிவிட்டன. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன. மரம் விழுந்து ஓடு நொறுங்கிய வீடுகள் எத்தனையோ. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் துயரத்துக்கு முன்னால் அன்று கூரையைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. 2021 நவம்பரில் வெள்ளம், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மறுபடியும் பேய்மழை. ஒவ்வொரு தடவையும் முதலில் விழுந்தவை, ஏற்கெனவே ஈரம் குடித்து ஊறிப்போயிருந்த சுவர்கள்.

இந்த மாவட்டத்தின் கூரை ஒரு காலத்தில் ஓலை. வருஷா வருஷம் பிரித்து மேய்ந்தாக வேண்டும், தெருவே கூடி அதைச் செய்யும். 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, ஒன்றோடொன்று கொளுவி உட்காரும் சிவப்பு ஓடு மேற்குக் கடற்கரை நெடுகப் பரவி இங்கேயும் வந்து சேர்ந்தது. ஓடு வந்ததும் வருஷாந்திர வேலை, பத்து நிமிஷ வேலையாகச் சுருங்கியது. சுருங்கியதே தவிர இல்லாமல் போகவில்லை. தலைமுறை மாற மாற இந்த இடத்தில்தான் நினைவு தப்பிவிட்டது. ஓட்டு வீடு தானாகவே நூறு வருஷம் நிற்கும் என்று நாம் நம்பத் தொடங்கினோம்.

ஒரு கீறல் போகும் வழி

ஓட்டில் விழும் கீறல் முதல் மழைக்கு ஒரு சொட்டுதான். தரையில் ஒரு சருவம் வைத்தால் போதும். ஆனால் அந்தச் சொட்டு தரைக்கு வருவதற்கு முன்னால் ஓட்டைத் தாங்கும் பட்டியல் மரத்தை நனைத்துவிட்டு வருகிறது. நனைந்த பட்டியல் இரண்டு மழையில் மெத்தென்று ஆகும். அது தொய்ந்தால் மேலே உள்ள ஓடு வரிசை இறங்கி, கொளுவல் விட்டு, ஒரு கீறல் இருந்த இடத்தில் ஐந்தாறு இடுக்கு திறக்கும். அடுத்தது, பட்டியலைத் தாங்கும் கழுக்கோல். அயினியும் முற்றிய பனையும் எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆனாலும் ஈரம் நின்ற இடத்தை மோப்பம் பிடித்துச் சுவர் வழியாகச் செதல் என்கிற கரையான் ஏறிவிடும். கழுக்கோலின் கால் உட்காரும் சுவர்த்தலை மண்ணும் சுண்ணாம்பும் கலந்து கட்டியதாக இருந்தால் அது கரைந்து இறங்கும். ஆசாரியைக் கூப்பிடும்போது அவர் மேலே பார்த்துவிட்டு, கூரையை மொத்தமாக இறக்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லும் நிலை. அந்தச் செலவைக் கேட்ட பிறகு வீட்டில் நடக்கும் அடுத்த பேச்சு, இடித்துவிட்டு காங்கிரீட் போடலாமா என்பது.

இடிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில்லறை வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. கைத்திறன் உள்ள கொத்தனாரும் ஆசாரியும் கூடுதல் கூலி கிடைக்கும் கேரளத்துக்கு விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிடுகிறார்கள். அதில் தவறும் இல்லை. புது வீட்டு வேலைக்கு வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள் இருக்கிறார்கள். ஆனால் நாலு ஓடு மாற்றவும் ஒரு கதவு நிலையில் உரசுவதைச் சீவவும் அரைநாள் வேலைக்கு யார் வருவார்? வராததால் வேலை தள்ளிப்போகிறது, தள்ளிப்போனது வளர்கிறது, வளர்ந்த பிறகு காண்டிராக்டர் வருகிறார். வீட்டோடு போவது ஓடு மட்டுமில்லை. பட்டாசாலைத் தூண், அரங்குக் கதவு, நெல் பத்தாயத்துப் பலகை எல்லாம் லாரி ஏறி, வேறு எங்கோ ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் அலங்காரமாக நிற்கின்றன. அந்த அயினி மரத்தை வளர்க்க இன்னொரு அறுபது, எழுபது வருஷம் வேண்டும்.

அதனால்தான் வாரக்கடைசியில் வீட்டுக்காரரே ஏணி எடுப்பதை நான் பொழுதுபோக்காகப் பார்ப்பதில்லை. சின்ன வேலையைச் சின்னதாக இருக்கும்போதே முடிப்பதற்கு, இன்றைய நிலையில், வேறு வழி அதிகம் இல்லை.

---

▣ ஓடு மாற்றும் முன்

• காய்ந்த நாளில் மட்டும் ஏறுங்கள். பாசி பிடித்த ஓடு காலை ஏமாற்றும். ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி சுவரைவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

• ஓட்டின் நடுவில் மிதிக்காதீர்கள். அடியில் பட்டியல் தாங்கும் இடம் பார்த்துக் கால் வையுங்கள். கிழக்கூரையானால் ஏறவே வேண்டாம், ஆசாரிக்காகக் காத்திருங்கள்.

• உடைந்த ஓட்டுக்கு மேலே உள்ள ஓடுகளை மரச்சீவலால் லேசாகத் தூக்கி நிறுத்தி, உடைந்ததை உருவி எடுத்து, புதியதைச் செருகி, அதன் மூக்கு பட்டியலில் கொளுவும் வரை தள்ளுங்கள்.

• ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு சேர்ந்து உட்காராது. உடைந்த ஓட்டின் முத்திரையைப் பார்த்து அதே அச்சைத் தேடுங்கள். இடித்த வீட்டு ஓடு விற்கும் இடங்களில் பழைய முத்திரைகள் கிடைக்கும்.

• ஒழுகல் எல்லாம் உடைசலால் வருவதில்லை. ஓட்டின் வாய்க்காலில் இலைச்சருகு அடைத்தாலும் தண்ணீர் பின்வாங்கி உள்ளே இறங்கும். இரண்டு சரிவு சேரும் மூலையில் போட்ட தகரப் பாத்தியை முதலில் பாருங்கள்.

• கழுக்கோலுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் செதலைத் தடுக்கும், தோலையும் சுடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

---

சுவருக்கும் மூச்சு வேண்டும்

கூரைக்கு அடுத்து அதிகம் பணம் வீணாவது சுவரில். பழைய வீட்டுச் சுவர் சுண்ணாம்பும் மண்ணும் கல்லும். மழைக்காலத்தில் ஈரம் வாங்கும், வெயிலில் விடும். அதன்மேல் அழகுக்காகச் சிமெண்டு பூசி, பளபளப்பான பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். ஒரு வருஷத்தில் பெயிண்ட் கொப்பளித்து உரிகிறது, மறுபடியும் அடிக்கிறோம், மறுபடியும் உரிகிறது. பெயிண்ட் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை. சுட்ட சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, கஞ்சித்தண்ணீரும் உப்பும் கொஞ்சம் நீலமும் சேர்த்து இரண்டு கை வெள்ளையடித்தால் அந்தச் சுவருக்கு அதுவே போதும். பொங்கலுக்கோ கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ கிறிஸ்துமசுக்கோ முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் வீடே சேர்ந்து செய்துவந்த வேலைதான் இது.

பழைய பூச்சு என்னவெல்லாம் தாங்கும் என்று பார்க்க வேண்டுமானால் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. எரித்த சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறு சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் அந்தக் கறுப்புத் தரையில் இன்றும் முகம் தெரியும். சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் தரையையும் தூண் வேலைப்பாட்டையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அடுத்த தடவை போகும்போது தலையை நிமிர்த்திக் கூரையின் உட்பக்கத்தையும் பாருங்கள். கழுக்கோல் சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் நீட்டியிருக்கிறது, இறவாரம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, சாரல் சுவரைத் தொடாமல் எப்படித் தடுக்கப்பட்டிருக்கிறது என்று அங்கே நின்று படிக்கலாம். இரண்டு மழைக்கும் கட்டிய வீட்டுக்கு அதைவிட நல்ல பாடம் இந்த மாவட்டத்தில் இல்லை.

காங்கிரீட் வீட்டுக்காரர்களுக்கும் ஏணியிலிருந்து விடுதலை கிடையாது. குளச்சலிலும் மணக்குடியிலும் கடற்காற்றில் வரும் உப்பு, காங்கிரீட்டின் கீறல் வழியாகக் கம்பியைத் தொட்டுத் துருவாக்கும். துரு பெருத்துக் காங்கிரீட்டை வெடிக்கச் செய்யும். மொட்டைமாடியில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்திருக்கும் இலையை எடுப்பதும், மயிரிழைக் கீறலை அந்த வருஷமே அடைப்பதும் அரைமணி வேலை. மாவட்டம் முழுக்க மொட்டைமாடிக்கு மேலே தகர ஷீட் கூரை முளைத்திருப்பதைப் பார்க்கிறோம். காங்கிரீட்டுக்கும் ஒரு கூரை தேவைப்பட்டிருக்கிறது.

யார் வீடு, யார் கூரை

வீட்டைப் பற்றிப் பேசும்போது இந்த மண்ணின் கணக்கு வழக்கையும் பேச வேண்டும். 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார்கள் மாடி வைத்து வீடு கட்டத் தடை இருந்தது. குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் தடை. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1859-இல் அரச பிரகடனத்தில் வந்து முடிந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பம் முதன்முதலாகக் கட்டிய மாடிவீடு, உரிமையின் சாட்சி. பழைய ஓட்டு வீடுதான் அழகு, காங்கிரீட் அசிங்கம் என்று எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த வீடானாலும் கட்டியவர் உழைப்பு அதில் இருக்கிறது. பேண வேண்டியது அதைத்தான்.

வேளாளர் வீடுகளின் கதை வேறு. மருமக்கள் வழியில் சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனது. மனைவியும் மக்களும் ஒரே நாளில் வெளியே நிற்க நேர்ந்த கொடுமையைத் தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எழுதி ஊர்முன் வைத்தார். 1926-இல் திருவிதாங்கூர் அரசின் சட்டம் அந்த முறைக்கு முடிவு கட்டியது. நீதி கிடைத்தது, கூடவே பாகப்பிரிவினையும் வந்தது. இன்று ஒரே முகட்டின் கீழ் மூன்று பாகம், ஐந்து பாகம் என்று பத்திரத்தில் பிரிந்திருக்கும் வீடுகள் உண்டு. முகடு ஒன்று, சொந்தக்காரர் ஐந்து. ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில், ஒருவர் உயிரோடு இல்லை, அவர் வாரிசு மூன்று பேர். ஒழுகும் ஓடு யார் பாகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாற்றப்படும் அல்லது மாற்றப்படாது. பூட்டிய வீடுகளில் பலவற்றின் உண்மையான நோய் இதுதான். செதல் பிறகு வந்தது.

இதற்கு ஒரு குடும்பம் செய்யக்கூடியது எளிமையானது. வீட்டை விற்பதா வைப்பதா என்ற பெரிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, கூரைக்கென்று மட்டும் பங்காளிகள் ஆண்டுக்கு ஒரு தொகை போட்டு, உள்ளூரில் இருக்கும் ஒருவர் பொறுப்பில் விடுவது. ரசீதைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டால் சந்தேகத்துக்கும் இடமில்லை.

கோட்டாறும் வடசேரியும்

ஏணி எடுத்த சனிக்கிழமையில் கடைக்குப் போகாமல் முடியாது. ஆணி, திருகு, தாழ்ப்பாள், சுண்ணாம்பு, கயிறு என்று கோட்டாற்றில் ஒரு சுற்று. வடசேரி கனகமூலம் சந்தையில் காய்கறியும் மட்டிக்குலையும். குமரியின் மட்டிப்பழம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பையோடு திரும்பும் வழியில் சாயாவும் ரசவடையும். அலைச்சல்தான், ஆனால் எந்தக் கடையில் எந்த முத்திரை ஓடு கிடைக்கும், எந்த ஆசாரி இப்போது ஊரில் இருக்கிறார் என்ற தகவல் அந்த சாயாக்கடை பெஞ்சில்தான் கிடைக்கிறது.

ஞாயிறு யாருக்கு?

கூரைமேல் ஏறுபவரைத் தெருவே பார்க்கும். அவர் இறங்கியதும் விழுந்த தூசியையும் ஓட்டுச் சில்லையும் கூட்டி வாரி, துணிகளை மறுபடி துவைத்து, ஏறினவருக்கும் உதவினவருக்கும் மீன்குழம்பு வைத்துப் பரிமாறுபவரை யாரும் பார்ப்பதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். ஆண், 97 நிமிடம். வாரக்கடைசிச் சீரமைப்பு என்று ஆண்கள் பெருமைப்படும்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை ஏணி எடுப்பதும், வருஷம் முழுக்க வாரியல் எடுப்பதும் சம வேலை ஆகாது.

இதில் மாற்றம் வரும் இடம் ஒன்றைக் குமரியின் தென்னந்தோப்பில் பார்க்கிறேன். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு என்று இருந்த தேங்காய், ஏற ஆளில்லாமல் மரத்திலேயே முற்றி விழத் தொடங்கியபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. மிதித்து ஏறும் கருவியைக் கொடுத்து இளைஞர்களோடு பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். பரம்பரையாக ஒரு சாதியின் தலையில் கட்டியிருந்த வேலை, பழகினால் யாரும் செய்யலாம் என்று ஆனது. கருவி இருந்தால் வீட்டுப் பெண்ணே ஏறி நாலு இளநீர் போட்டுவிட முடியும். ஓடு மாற்றுவதிலும் குழாய் வாஷர் மாற்றுவதிலும் இது நடக்காமல் இருக்கக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்த மதியம்

ஞாயிறு மதியத்துக்கு மேல் ஏணி இறங்கிவிடும். அப்போது தொடங்குவதுதான் உண்மையான பொழுதுபோக்கு.

மேற்கே மார்த்தாண்டம் வட்டாரத்தில் அது தேன்பெட்டி. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், வீட்டுப் புரையிடத்தில் மரப்பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கும் முறையை உழவர்களிடம் பரப்பினார். ரப்பர் இலை உதிர்த்துத் தளிர்க்கும் மாசி, பங்குனியில் அந்தத் தளிரின் காம்பில் சுரக்கும் இனிப்புதான் இங்கே தேனின் பெரும்பங்கு. பூவுக்கு வெளியே ஊறும் தேன் அது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் வந்து இந்தியத் தேனீக் கூட்டங்களைக் கொத்துக் கொத்தாக அழித்தது. பெட்டியைக் கைவிடாதவர்கள் மீந்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கி மீட்டார்கள். இந்த மழைமாதங்களில் தேன் எடுக்க ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, எறும்பு ஏறாமல் கால்கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா, அடைப்புழு வந்திருக்கிறதா என்று பார்த்து, சீனிப்பாகு வைத்து மூடுவதுதான் வேலை. பங்குனித் தேன் இப்போது காட்டும் கவனத்தில் இருக்கிறது.

கிழக்கே பைனாகுலர். சுசீந்திரம் – தேரூர் சதுப்பு நிலத் தொகுதியும் வேம்பனூரும் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பிறகு, சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி நாரை பார்க்கும் குடும்பங்கள் கூடியிருக்கின்றன. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் காணலாம். மழை முடிந்து குளிர் தொடங்கினால் வலசை வாத்துகள் இறங்கும். மணக்குடிக் காயலும் புத்தளம் உப்பளமும் அப்போது தவறவிடக் கூடாதவை. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பறவை ஒதுங்கிவிடும்.

---

▣ புரட்டாசி முடிவதற்குள்

• கிணற்றைச் சுற்றி அடைந்த சருகை அகற்றி வலை போடுங்கள். தூர்வார உள்ளே இறங்குவது வாரக்கடைசி வேலை அல்ல. பிராணவாயு குறைந்த கிணறு நொடியில் ஆளை மயக்கும். பயிற்சியுள்ள ஆட்களை மட்டும் இறக்குங்கள்.

• கூரைமேல் சாயும் தென்னை மட்டையையும் முருங்கைக் கொப்பையும் வெட்டுங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் வெட்டோத்தியைக் கீழே வைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

• சுவரோரம் செதல் ஏறிய மண்கோடு தெரிந்தால் துடைத்துவிட்டு விடாதீர்கள். அது தொடங்கும் ஈரத்தைக் கண்டுபிடியுங்கள்.

• பத்து ஓடு கூடுதலாக வாங்கிச் சாய்ப்பில் அடுக்கி வையுங்கள். ஐப்பசியில் கடையில் கிடைக்காது.

---

கோணத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பு

நாகர்கோவில் கோணத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையமும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. வாரம் முழுக்க மாணவர்கள் பழகும் பட்டறைகள் சனி, ஞாயிறு பூட்டிக் கிடக்கும். ஊரில் இன்னும் ஓடு வேயவும் கழுக்கோல் மாற்றவும் தெரிந்த மூத்த ஆசாரிமார், சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் கொடுத்து, வீட்டுக்காரர்களுக்கும் வீட்டுக்காரிகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நாலு சனிக்கிழமை கற்றுக்கொடுக்க அந்தப் பட்டறைகளைத் திறந்துவிட மாவட்ட நிர்வாகத்தால் முடியும். தென்னைக்கு ஒரு வாரியம் செய்து காட்டியதை வீட்டுக்குச் செய்ய முன்மாதிரி தேட வேண்டியதில்லை.

இன்னொன்று நாகர்கோவில் மாநகராட்சியும் பேரூராட்சிகளும் செய்யக்கூடியது. இடிக்கும் வீட்டிலிருந்து இறங்கும் நல்ல ஓட்டையும் பட்டியலையும் முத்திரைவாரியாக அடுக்கி, ஒட்டுப்போடத் தேடுகிறவருக்கு ஒன்று, இரண்டாகவும் விற்கும் ஒரு கிடங்கு வேண்டும். ஏணி, கயிறு, இடுப்புப் பட்டை மூன்றையும் நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். தக்கலையில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று போதும். ஐப்பசி மழைக்குள் தயாராகாது. சித்திரைக்குள் முடியும்.